ஜொகூர் பிள்ளைகள் எப்போது உறங்குகிறார்கள்?

பாலத்தின் நேரமும் பாலகரின் நேரமும் ஒத்துப்போகாத வீடுகள்: ஒரு சிறப்புப் பார்வை

கிழக்கு வெளுக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும் அதிகாலை நாலரைக்கே ஜொகூர் பாருவின் சாலைகள் விழித்துவிடுகின்றன. மாசாய், உலு திராம், ஸ்கூடாய், பாசிர் கூடாங் பகுதிகளிலிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிள்கள், சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தின் குடிநுழைவுச் சாவடியை நோக்கி விளக்கொளியின் நீண்ட கோடாக நகர்கின்றன. அந்த வரிசையில் சேர்வதற்கு முன்பே பல வீடுகளில் இன்னொரு பயணம் நடந்து முடிந்திருக்கும்: ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன குழந்தை போர்வையோடு தூக்கப்பட்டு, பால் போத்தலும் மாற்றுடையும் அடங்கிய பையோடு, பாட்டி வீட்டிலோ பிள்ளை பார்க்கும் அம்மாவின் வீட்டிலோ ஒப்படைக்கப்படுகிறது. இரும்புக் கதவு இழுபடும் ஓசையிலும், முகத்தில் விழும் வாசல் விளக்கின் வெளிச்சத்திலும் கண் விழிக்கும் குழந்தை, கை மாறிய பின் மீண்டும் உறங்கினாலும் உண்டு, உறங்காவிட்டாலும் உண்டு.

1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தை இன்று நாள்தோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் கடக்கின்றனர் என்பதும், அவர்களில் பெரும்பகுதியினர் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியர்கள் என்பதும் அனைவரும் அறிந்த செய்தி. அந்தப் பயணத்தின் விலை பெட்ரோலாகவும் களைப்பாகவும் கணக்கிடப்படுகிற அளவுக்கு, நடைபயிலும் பிள்ளைகளின் உறக்கமாகக் கணக்கிடப்படுவதில்லை. ‘பிள்ளை இரவு 11 மணியாகியும் தூங்க மாட்டேன் என்கிறது’ என்ற குறை இன்று ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களில் பரவலாகக் கேட்கிறது. அந்தக் குறையைப் பிள்ளையின் பிடிவாதமாகவோ தாயின் கண்டிப்பின்மையாகவோ பார்ப்பது பெரும்பாலும் தவறு. பிள்ளை படுக்கும் நேரத்தைத் தீர்மானிப்பது பெரியவர்களின் வேலை நேரமே என்பதால், சீர்திருத்தமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடிகாரம் ஒன்று, கதிரவன் ஒன்று

தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் நாள் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றிணைந்தது. சிங்கப்பூரும் உடன் மாறியது. இதன் விளைவாக, கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்குச் சற்று மேற்கே அமைந்த ஜொகூர் பாரு, 120 பாகைக்குரிய நேரத்தைப் பின்பற்றுகிறது. கதிரவன் உச்சிக்கு வருவதும் கடிகாரத்தில் பிற்பகல் 1 மணியை ஒட்டியே நிகழ்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் கதிரவன் காலை ஏழு மணியை ஒட்டி எழுந்து, மாலை ஏழு மணியை ஒட்டி மறைகிறான். எனவே, மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்கள் வற்புறுத்தும் ‘மாலை ஏழு மணிக்குப் படுக்கை’ என்ற விதியை இங்கே அப்படியே கையாண்டால், வானத்தில் வெளிச்சம் மறையுமுன்பே பிள்ளையைப் படுக்க வைக்க நேரும். அந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாமல் மனம் நொந்துபோகும் தாய்மார்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

உறக்கத்தை இரண்டு ஆற்றல்கள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சிறுகச் சிறுகக் கூடிவரும் உறக்க அழுத்தம் ஒன்று. ஒளியையும் இருளையும் அளவாகக் கொண்டு, இரவு நெருங்கும்போது மெலடோனின் என்னும் சுரப்பை வெளிவிடச் செய்யும் உடற்கடிகாரம் மற்றொன்று. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டரை முதல் மூன்று வயதுள்ள 14 குழந்தைகளின் எச்சிலில் மெலடோனின் அளவைக் கணித்தபோது, அச்சுரப்பு உயரத் தொடங்கிய நேரத்துக்கு மிக நெருக்கமாகப் படுக்க வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உறக்கம் வர அதிக நேரம் பிடித்ததையும், அவர்கள் படுக்கையை எதிர்த்து அடம்பிடித்ததையும் கண்டனர். உடல் ஆயத்தமாகும் முன் படுக்கைக்கு அனுப்பப்படும் பிள்ளை அழுவதில் குற்றம் ஏதுமில்லை.

பெட்டிச் செய்தி: எவ்வளவு உறக்கம் தேவை?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பகல் உறக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு 12 முதல் 16 மணி நேரமும், 1 முதல் 2 வயதினருக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 4 வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. உறங்கும் நேரமும் எழும் நேரமும் நாள்தோறும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு வயது முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது என்பதும் அதே வழிகாட்டியில் உள்ளன.

ஆயாக் கொட்டகை தொட்டு

விடியுமுன் பிள்ளையைத் தூக்கிச் செல்வது ஜொகூர்த் தமிழருக்குப் புதிதன்று. சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களில், வெயில் ஏறுமுன் ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்கும் என்பதால் பால்மரம் வெட்டுவோர் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டியிருந்தது. தாய்மார்கள் அதற்கு முன் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில், அதாவது தோட்ட நிருவாகம் அமைத்த பராமரிப்புக் கொட்டகையில், வரிசையாகக் கட்டிய துணித் தொட்டில்களில் விட்டுச் சென்றனர். தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பராமரிப்பு இடங்களுக்கும் குறைந்தபட்சத் தரத்தை வகுத்தது. தோட்டத்தில் அதிகாலையில் எழுந்த தாய் பிற்பகலில் வீடு திரும்பினாள். லயம் எனப்படும் வரிசை வீடுகளில் இரவு சீக்கிரமே அடங்கியது. பிள்ளையும் அவளோடு சேர்ந்தே படுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்த பின், அதிகாலைப் புறப்பாடு மட்டும் தொடர்ந்தது. பிற்பகலில் வீடு திரும்பும் வழக்கம் போய்விட்டது. இன்றைய குடும்பங்களின் இடர் அந்த இழப்பில்தான் இருக்கிறது.

உறக்கம் குறைந்தால் எது குறைகிறது?

உறக்கம் போதாத பெரியவர் சோர்ந்து தூங்கி வழிவார்; உறக்கம் போதாத இரண்டு வயதுப் பிள்ளையோ அதற்கு நேர்மாறாக ஓடும், குதிக்கும், பொருள்களை எறியும், ஒன்றுமில்லாததற்கு அழுது புரளும். இந்தத் துடிப்பைப் பார்த்து ‘இதற்குத் தூக்கமே வரவில்லை, இன்னும் சற்று நேரம் விளையாடட்டும்’ என்று பெற்றோர் முடிவு செய்வதால், களைப்பின் அறிகுறியே உறக்கத்தைத் தள்ளிப்போடும் காரணமாகிவிடுகிறது. கண்ணைக் கசக்குதல், காதை இழுத்தல், விளையாட்டுப் பொருளை வெறித்துப் பார்த்தல் ஆகியவை முதலில் தோன்றும் அடையாளங்கள். அவற்றைத் தவறவிட்ட அரை மணி நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடும்.

நீண்டகால விளைவுகள் குறித்துக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1,492 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று. மூன்றரை வயதுக்குள் இரவில் போதிய உறக்கம் பெறாத பிள்ளைகள், பின்னாளில் உறக்கம் சரியான போதிலும், ஐந்து வயதில் சொல்வள அறிவைச் சோதித்தபோது பின்தங்கியிருந்தமையை அது காட்டியது. குறை உறக்கமே அதற்கு ஒரே காரணம் என்று இத்தகைய ஆய்வால் நிறுவ முடியாது என்றாலும், தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளை ஒரே நேரத்தில் காதில் வாங்கிக்கொண்டு பாலர் பள்ளிக்குள் நுழையும் ஜொகூர்ப் பிள்ளைக்கு, சொல் சேரும் பருவத்தில் மூளை ஓய்வு பெறுவது சிறிய செய்தியன்று. பகலில் கேட்ட சொற்களும் கற்ற அசைவுகளும் உறக்கத்தில்தான் நினைவாக உறுதிப்படுகின்றன. வளர்ச்சிச் சுரப்பும் ஆழ்ந்த உறக்கத்தின்போதே மிகுதியாக வெளிப்படுகிறது.

பிள்ளையோடு நின்றுவிடாத விளைவும் உண்டு. நள்ளிரவில் இரண்டு, மூன்று முறை எழுந்து பிள்ளையை ஆட்டிய தாயோ தந்தையோ அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் ஏறி நெடுஞ்சாலையில் செல்கிறார். பிள்ளையின் உறக்கம் சீரானால் தாயின் மனச்சோர்வு தணிகிறது என்பதை, 405 தாய்மாரும் பிள்ளைகளும் பங்கேற்று 2009இல் வெளிவந்த, ஜோடி மிண்டல் தலைமையிலான அமெரிக்க ஆய்வு பதிவு செய்தது. நாள்தோறும் ஒரே வரிசையில் குளியல், உடலை வருடுதல், அமைதியான தாலாட்டு, பின் விளக்கணைப்பு என்ற எளிய ஒழுங்கைத் தவிர அந்தத் தாய்மாரிடம் வேறெதுவும் கேட்கப்படவில்லை. அதைத் தொடங்கிய சில நாட்களிலேயே பிள்ளைகள் விரைவாக உறங்கினர், இரவில் விழிப்பதும் குறைந்தது. குழந்தைப் பராமரிப்புப் பொருள் விற்கும் ஒரு பெருநிறுவனத்தின் நிதியுதவியில் அது நடந்தது என்பதையும் வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும். ஆயினும் 14 நாடுகளின் 10,085 தாய்மாரிடம் திரட்டிய தகவல்களைக் கொண்டு 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும், இந்த ஒழுங்கு எத்தனை இரவு கடைப்பிடிக்கப்படுகிறதோ அத்தனைக்கு உறக்கம் மேம்பட்டிருந்ததைக் காட்டியது.

பெட்டிச் செய்தி: ஆசியப் பிள்ளைகளின் நள்ளிரவு

17 நாடுகளிலும் வட்டாரங்களிலும் மூன்று வயதுக்குட்பட்ட 29,287 குழந்தைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில் மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் இடம்பெற்றன. நியூசிலாந்துப் பிள்ளைகள் சராசரியாக இரவு 7:28க்கும், ஹாங்காங் பிள்ளைகள் 10:17க்கும் படுக்கைக்குச் சென்றனர். ஆசியப் பிள்ளைகள் பொதுவாகத் தாமதமாகப் படுத்ததோடு மொத்தத்தில் குறைவாகவும் உறங்கினர். பெற்றோரின் அறையிலேயே உறங்குவதும் அவர்களிடையே மிகுதி.

அப்பா வரும் வரை

சிங்கப்பூரிலிருந்து தந்தையோ தாயோ வீடு வந்து சேர இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். பாலத்தில் நெரிசல் என்றால் ஒன்பதும் ஆகும். நாள் முழுதும் காணாத பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்ற ஏக்கத்தை எந்த மருத்துவ அறிவுரையும் இழிவாகப் பேசக் கூடாது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். பகலில் இரண்டு மணி நேரம் உறங்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு, குறைந்தபட்ச அளவான 11 மணி நேரத்தை எட்டுவதற்கே இரவில் 9 மணி நேரம் தேவை. காலை ஐந்து மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை இரவு எட்டு மணிக்கே உறங்கியிருக்க வேண்டும். காலை ஏழு மணி வரை உறங்க விடப்படும் பிள்ளையோ ஒன்பது மணிக்கு உறங்கினாலும் 10 மணி நேரம் பெற்றுவிடும். எனவே, ‘எத்தனை மணிக்குப் படுக்க வைப்பது’ என்ற கேள்விக்கு முன் ‘எத்தனை மணிக்கு எழுப்புகிறோம்’ என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். பிள்ளையின் விழிப்பு நேரத்தை இரண்டு மணி நேரம் பின்தள்ள வழி கண்ட குடும்பத்துக்கு, மாலையில் அப்பாவோடு கழிக்கும் அரை மணி நேரமும் கிடைக்கிறது.

வழி எளிதன்று. பிள்ளையைப் பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோவதற்குப் பதில் பாட்டி அதிகாலையில் இங்கே வந்து படுத்துக்கொள்வது ஒரு வழி. தாய், தந்தை இருவரில் ஒருவர் காலையில் பிந்திப் புறப்படும் ஷிப்ட் கேட்டுப் பெறுவது இன்னொன்று. இரண்டும் இயலாதபோது, பிள்ளை எழும் இடத்திலேயே இரவும் உறங்கும்படி வார நாட்களில் பாட்டி வீட்டில் தங்க வைக்கும் குடும்பங்களும் உண்டு. உறக்கத்துக்கு அது நல்லது, பெற்றோரின் மனத்துக்கு அது பெரும் சுமை, எது பெரிது என்று வெளியார் தீர்ப்புச் சொல்ல இயலாது. நாலரைக்குத் தூக்கிச் சென்றே தீர வேண்டிய நிலையில், முதல் நாள் மாலையே பையையும் உடையையும் ஆயத்தப்படுத்தி, வாசல் விளக்கை அணைத்து, பேச்சின்றி, வீட்டில் உறங்கிய அதே போர்வையோடு அந்த வீட்டின் இருட்டறையில் படுக்க வைத்தால், உறக்கம் முறிந்த பின்னும் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. சேர்ந்தவுடன் பால் கொடுத்துத் தொலைக்காட்சி முன் உட்கார வைப்பது அன்றைய உறக்கத்தை அத்தோடு முடித்துவிடும்.

விளக்கு வைக்கும் நேரம்

‘விளக்கு வைக்கும் நேரத்தில் தூங்காதே’ என்று பாட்டிமார் சொல்லும் வழக்கம் சமய நம்பிக்கையில் பிறந்ததெனினும், பிள்ளைகளைப் பொறுத்தவரை அதில் உடலியல் உண்மையும் அடங்கியிருக்கிறது. மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் போடும் குட்டித் தூக்கம் நாள் முழுதும் சேர்ந்த உறக்க அழுத்தத்தைக் கரைத்துவிட, பிள்ளை இரவு 11 வரை துள்ளுகிறது. தாஸ்காவிலிருந்து, அதாவது நான்கு வயதுக்குட்பட்டோருக்கான பராமரிப்பு மையத்திலிருந்து, அழைத்து வரும் காரில் பிள்ளை கண்ணயர்வதே பல வீடுகளில் நடு இரவுப் போராட்டத்தின் வித்து. அந்தப் பயணத்தில் பேச்சுக் கொடுத்து விழிக்க வைப்பதும், பகல் உறக்கத்தை மூன்று மணிக்குள் முடிக்கும்படி தாஸ்காவில் கேட்டுக்கொள்வதும், வெயில் தாழ்ந்த ஆறு மணியளவில் தாமான் விளையாட்டுத் திடலில் ஓட விடுவதும் இரவை எளிதாக்கும். ஒன்றே கால் வயது முதல் ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் பகலில் இரண்டு முறை உறங்குவதை விட்டு ஒருமுறைக்கு மாறுவதால், அந்த ஒரு தூக்கம் எப்போது விழுகிறது என்பது முன்னிலும் முக்கியமாகிறது.

வீட்டில் விளக்கேற்றுவதையே இரவின் தொடக்கமாகக் கொள்ளலாம். விளக்கு, சோறு, வெதுவெதுப்பான நீரில் குளியல், உடைமாற்று, பல் துலக்கல், ஒரு கதை, ஒரு தாலாட்டு, இருட்டு: இதற்கு முக்கால் மணி நேரம் போதும். மணியைவிட வரிசைக்கே மதிப்பு அதிகம். ஏனெனில் மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்குக் குளித்தால் கதை, கதை முடிந்தால் படுக்கை என்ற தொடர்ச்சி புரியும். அம்மா ஓவர்டைமில் இருக்கும் நாளில் பாட்டியும், பாட்டிக்கு முடியாத நாளில் அப்பாவும் அதே வரிசையை மாற்றாமல் நடத்த வேண்டும். எட்டரைக்கு வீடு சேரும் தந்தை, பிள்ளையை உயரத் தூக்கிப் போட்டு விளையாடுவதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொண்டு, கதையைத் தம் பங்காக ஏற்கலாம். பிள்ளைக்கு அவரும் கிடைக்கிறார், உறக்கமும் கெடுவதில்லை.

தாலாட்டுக்கு நாட்டார் மரபிலும், பெரியாழ்வார் முதலானோரின் பாசுரங்களிலும், பிள்ளைத்தமிழின் தாலப் பருவத்திலும் தமிழில் நெடிய தடம் உண்டு. மெல்ல இறங்கிவரும் அந்த ஓசைக்குக் குரல்வளம் தேவையில்லை. நாள்தோறும் அதே பாட்டாக இருந்தால் போதும்.

கைப்பேசியும் மைலோவும்

மேற்சொன்ன கொலராடோ ஆய்வாளர்கள் 2018இல் பத்துச் சிறார்களைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளிமேசை ஒன்றில் விளையாட விட்டபோது, அவர்களின் மெலடோனின் 88 விழுக்காடு குறைந்தது. ஒளி அணைந்து 50 நிமிடம் கழிந்தும் மீளவில்லை. எனவே கைப்பேசி மட்டுமன்று, கூடத்தில் எரியும் வெள்ளைக் குழல் விளக்கும் உறக்கத்துக்கு எதிரிதான். இரவு உணவுக்குப் பின் அதை அணைத்து மங்கிய மஞ்சள் விளக்கை ஏற்றுவது செலவில்லாத மருத்துவம். மாமாக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் இரவு பத்து மணிக்கு ஒளிவெள்ளத்தில் தள்ளுவண்டியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் இதே கவலை எழுகிறது. தேநீரில் காப்பீன் உண்டு என்பதால் தே தாரேயில் ஒரு வாய் என்ற செல்லமும், படுக்கும் முன் சர்க்கரை சேர்ந்த மைலோ என்ற பழக்கமும் விடப்பட வேண்டியவை. பால் போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் பிள்ளையின் முன்பற்கள் இரவெல்லாம் இனிப்பில் ஊறிச் சொத்தையாகின்றன.

தொட்டிலிலிருந்து பாய்க்கு

மலேசிய வீடுகளில் விட்டத்துக் கொக்கியிலோ இரும்புச் சட்டத்திலோ தொங்கும் ஸ்பிரிங் தொட்டில், மலாய்க்காரர், இந்தியர் எனப் பலரும் பயன்படுத்தும் பொதுச் சொத்து. நீண்ட கம்பிச்சுருளின் அடியில் பாத்திக் துணி. அதற்குள் சுருண்ட பிள்ளை. கை ஓய்ந்தால் மாட்டிவிட மின்மோட்டார். சிசுப் பருவத்தில் உதவிய அந்த ஆட்டம், பிள்ளை எழுந்து நின்று எட்டிப் பார்க்கும் வயதில் விழும் ஆபத்தாக மாறுவதோடு, உறக்கத்துக்கு நிபந்தனையாகவும் ஆகிவிடுகிறது. எந்தச் சூழலில் கண் மூடுகிறதோ அதே சூழலை, இரவில் இயல்பாக நிகழும் ஒவ்வொரு அரைவிழிப்பின்போதும் பிள்ளை தேடுவதை உறக்கத் தொடர்பு என்பர். ஆட்டத்தில் கண் மூடிய பிள்ளை நள்ளிரவு ஒரு மணிக்கும் ஆட்டத்தையே கேட்கும்.

ஆகவே ஆட்டத்தின் வேகத்தைச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து, பின் தொட்டிலை அசைக்காமல் தட்டிக்கொடுத்து, பின் பாயிலோ மெத்தையிலோ, கண் சொருகிய ஆனால் உறங்கிவிடாத நிலையில் கிடத்துவது நல்லது. பக்கத்தில் உட்கார்ந்திருந்து, நாளடைவில் ஒரு முழம், இரண்டு முழம் என விலகி அமர்வது தமிழ் வீட்டுக்கு ஏற்றது. பிள்ளையைத் தனியறையில் சற்று நேரம் அழ விட்டு இடையிடையே தேற்றும் முறை நெடுங்காலத் தீங்கு விளைவிப்பதாகத் தெரியவில்லை என ஆஸ்திரேலியாவில் குழந்தைகளை ஆறு வயது வரை தொடர்ந்த ஆய்வு 2012இல் கூறியது உண்மையே. ஆனால் ஒரே அறையில் நால்வர் படுக்கும் அடுக்குமாடி வீட்டில், அடுத்த சுவருக்கு அப்பால் இரவு ஷிப்ட் முடிந்து ஒருவர் உறங்கும்போது, அதை வற்புறுத்துவதில் பயனில்லை. பிள்ளை பெற்றோர் அறையில் படுப்பது குறையன்று. எப்படி உறங்கத் தொடங்குகிறது என்பதே கவனிக்கத்தக்கது. இரவில் எழுந்து அழுதால் விளக்கைப் போடாமல், தூக்காமல், அதே இரண்டு சொற்களைச் சொல்லித் தட்டிக்கொடுக்கலாம். முதல் சில இரவுகளில் அழுகை கூடினாலும் நடுவில் கைவிடாமலிருப்பது முக்கியம்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை

இரவுதோறும் குறட்டை, மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தல், வாயால் மூச்சுவிடுதல், உறக்கத்தில் மிகுந்த வியர்வை ஆகியவை மூக்கின் பின்புறத் தசைவளர்ச்சியாலோ தொண்டைச் சதை வீக்கத்தாலோ மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறிகளாக இருக்கலாம்; இவற்றைப் பழக்கத்தால் சரி செய்ய முடியாது. கால்களை ஓயாமல் உதைத்து உறங்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு உண்டா என்று பார்க்க வேண்டும். அரசு சுகாதார மருந்தகங்களின் தாய்சேய் நலப் பிரிவில் தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே இவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரவழைக்க இருமல் மருந்து கொடுக்கும் வழக்கம் ஆபத்தானது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கடையில் வாங்கும் சளி மருந்துகள் வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே எச்சரித்தது. சாதிக்காயை இழைத்துப் புகட்டுவதும், அளவு மீறினால் நஞ்சாகும் என்பதால், தவிர்க்கத்தக்கது.

வார இறுதியும் வரப்போகும் ரயிலும்

2014 முதல் வெள்ளி, சனியை வார விடுமுறையாகக் கொண்டிருந்த ஜொகூர், 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. சிங்கப்பூரில் வேலை பார்ப்போரின் விடுமுறையும் ஜொகூர்ப் பள்ளிகளின் விடுமுறையும் இப்போது பெரும்பாலும் ஒன்றாக விழுவதால், பெற்றோருக்கு ஒரு நாளும் பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஒரு நாளுமாக வீடு விழித்த நிலை மாறியிருக்கிறது. விடுமுறையிலும் பிள்ளையை வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்திப் படுக்கவோ எழவோ விடாமலிருந்தால், திங்கட்கிழமைக் காலை அழுகை பெருமளவு குறையும்.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ரயில் சேவை தொடங்கி, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை கொண்டுசெல்லும்போது, பாலத்து நெரிசலில் கரையும் நேரத்தில் ஒரு பகுதி மீளக்கூடும். நிலையத்துக்கு அருகே அதிகாலையில் திறக்கும் தரமான தாஸ்காக்களும், பிள்ளையுள்ள ஊழியருக்குப் பிந்திய ஷிப்டும், வீட்டிலிருந்து நிலையத்துக்கு நேரம் தவறாத பேருந்தும் உடன் வந்தால், மீண்ட அந்த நேரத்தில் மாசாயிலும் ஸ்கூடாயிலும் பிள்ளைகள் நாலரைக்குப் பதில் ஆறரை வரை தங்கள் பாயிலேயே உறங்க முடியும்.